பாசி தின்னும் மீன் வாங்கப் போறீங்களா?



கடந்த சில மாதங்களாகக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, சந்தா வரவு, உள் கடன் வசூல் எல்லாம் எழுதி நோட்டை மூடும் நேரத்தில் ஒரு கேள்வி வருகிறது. “மேடம், வீட்ல மீன் தொட்டி வச்சிருக்கோம். பத்து நாளுக்குள்ள ஒரே பச்சையாப் போயிருது. பாசி திங்கிற மீன் ஒண்ணு விட்டாச் சரியாயிரும்னு கடையில சொல்றாங்க. எதை வாங்க?”

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர் வீட்டில் பிள்ளைகளுக்காக இப்போது சின்னதாக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. தீபாவளி போனஸ் வந்த கையோடு வாங்கினது, பிள்ளை நல்ல மார்க் எடுத்ததற்கு வாங்கிக் கொடுத்தது, இப்படி ஆளுக்கு ஒரு காரணம். மீன் வாங்குவது சின்னச் செலவுதான். ஆனால் தப்பான மீனை வாங்கினால் தொட்டியும் கெடுகிறது. அதோடு போனால் பரவாயில்லை, கடைசியில் அது ஊர்க் கண்மாய்க்கே கேடாக முடிகிறது. அதனால்தான் இந்த இதழில் இதற்கு இடம் ஒதுக்கி எழுதுகிறோம்.

பாசி எங்கிருந்து வருது?

பாசி என்பது அழுக்கு இல்லை. அதுவும் செடி மாதிரிதான். வெளிச்சமும் உரமும் கிடைத்தால் வளரும். தொட்டிக்குள் உரம் யார் போட்டது என்று கேட்பீர்கள். மீன் போடும் கழிவும், தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியும்தான் உரம். நெல்லுக்கு யூரியா போட்ட மாதிரி பாசிக்கு அது. வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊர் வெயில் அப்படி. ஜன்னல் ஓரத்திலோ வாசல் திண்ணையிலோ தொட்டியை வைத்தால் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்?

பாசியிலும் பல வகை இருக்கிறது. கண்ணாடியிலும் கல்லிலும் மெல்லிசாகப் படியும் பச்சைப் படலம் ஒன்று. புதிதாக வைத்த தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதம் வரும் பழுப்புப் படலம் இன்னொன்று. இது பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும், பயப்பட வேண்டாம். இந்த இரண்டையும் மீன் சுரண்டித் தின்னும். ஆனால் தண்ணீரே பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிட்டால் எந்தப் பாசி மீனும் உதவாது. அந்தப் பாசி கண்ணுக்குத் தெரியாத துகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. சுரண்டித் தின்னும் வாய்க்கு அது அகப்படாது. அதேபோல, வழவழவென்று தோல் மாதிரி உரிந்து வரும், ஒரு நாற்றமும் அடிக்கும் நீலப்பச்சைப் படலத்தை மீன்கள் சீண்டுவதே இல்லை. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஆக, கடைக்குப் போகும் முன்னால் உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள். நம்மிடம் கேட்ட சகோதரிகளில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பச்சைத் தண்ணீர்தான். அவர்களுக்குத் தேவை மீன் இல்லை, ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை.

உங்க தொட்டி எத்தனை குடம்?

அடுத்தது அளவு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் பிடிக்கும். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் 56 லிட்டர். நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் சுமார் நாலு குடம். ஒன்றரை அடித் தொட்டிகள் இரண்டு, இரண்டரைக் குடத்துக்கு மேல் பிடிக்காது. வட்டமாக இருக்கும் கண்ணாடி ஜாடியில் அரைக் குடம் பிடித்தாலே அதிகம்.

மீன் தேர்வு முழுக்க இந்தக் குடக் கணக்கில்தான் இருக்கிறது. கடையில் பார்க்கும்போது எல்லா மீனும் சுண்டுவிரல் அளவுதான். வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்க வேண்டும். கன்றுக்குட்டி வாங்கும்போது, இது வளர்ந்து மாடானால் தொழுவத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமலா வாங்குகிறோம்?

டேங்க் கிளீனர் என்ற மீன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாசி தின்னும் மீன் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்துத் தருவது “டேங்க் கிளீனர்”. சக்கர் மீன், பிளெக்கோ என்றும் சொல்வார்கள். கருப்பும் பழுப்புமாக உடம்பெல்லாம் புள்ளி, வரி. வாய் அடிப்பக்கத்தில் இருக்கும். அந்த வாயால் கண்ணாடியை உறிஞ்சிக்கொண்டு ஒட்டி நிற்கும். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். விலையும் குறைவு.

இந்த மீனின் பூர்வீகம் தென் அமெரிக்கா, அமேசான் ஆற்றுப் பக்கம். வண்ணமீன் வியாபாரத்துக்காக உலகம் முழுக்கப் போனது. நம் நாட்டிலும் இப்போது பண்ணைகளிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கும் இந்த மீன், நல்ல இடம் கிடைத்தால் ஒரு அடிக்கு மேல், ஒன்றரை அடி வரைகூட வளரக்கூடியது. நாலு குடம் தொட்டியில் ஒரு அடி மீன் திரும்பக்கூட முடியாது. இரண்டு குடம் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“சின்னத் தொட்டியில விட்டா சின்னதாவே இருக்கும்”னு ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீங்க. இடமும் நல்ல தண்ணீரும் கிடைக்காமல் வளர்ச்சி குன்றும், அவ்வளவுதான். அது சத்தில்லாத பிள்ளை குட்டையாக இருப்பது மாதிரி. ஆரோக்கியம் ஆகாது.

இன்னொன்று, குஞ்சாக இருக்கும்போது பாசியை ஓரளவு தின்னும் இந்த மீன், வளர வளர அடியில் விழும் தீனிக்குப் பழகிவிடுகிறது. தின்பதற்கு ஏற்ப கழிவும் மலைபோலப் போடும். கழிவுதான் பாசிக்கு உரம் என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால், பாசியைக் குறைக்க வாங்கிய மீனே பாசிக்கு உரம் போடும் மீனாக மாறிவிடுகிறது. பேர் மட்டும் கிளீனர்! ராத்திரி நேரத்தில் நடமாடும் சுபாவம் உள்ள மீன் இது. பசித்தால் அகலமான உடம்புள்ள தங்கமீன் போன்றவற்றின் மேல் ஒட்டி அதன் மேல்வழவழப்பைச் சுரண்டுவதும் உண்டு. காலையில் பார்த்தால் தங்கமீன் உடம்பில் புண் இருக்கும்; காரணம் தெரியாமல் மருந்து தேடி அலைவோம்.

சரி, மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி கொள்ளவில்லை. அப்புறம்? இங்கேதான் கண்மாய் வருகிறது.

சிவகாசி வட்டாரத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு சகோதரி, “கொல்ல மனசு வரல மேடம். கண்மாயில விட்டா அது பாட்டுக்குப் பிழைச்சிட்டுப் போகுது. புண்ணியமாவும் இருக்கும்” என்றார். பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் உடனே குறுக்கிட்டார். அவர் வீட்டில் முன்பு மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள். “ஏத்தா, அது பிழைக்கும். அது கூட இருக்கிறது பிழைக்குமா?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. இருந்தாலும் விவரமாகச் சொல்கிறோம்.

இந்த மீனுக்குச் செதில் கிடையாது. எலும்புத் தகடுதான் சட்டை மாதிரி உடம்பை மூடியிருக்கிறது. துடுப்பில் கெட்டியான முள். ஆகவே விரால், கொக்கு போன்றவை இதைத் தின்பது கஷ்டம். தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். கரையில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும்; ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில். ஆண் மீன் வளை வாசலில் காவல் இருக்கும். அந்த வளை மூன்று, நாலு அடி ஆழம்கூடப் போகும். நண்டு வளையே கரைக்கு ஆகாது என்று நம் பெரியவர்கள் அடைப்பார்கள். மூன்றடி வளை வரிசையாக விழுந்தால் கண்மாய்க் கரை என்ன ஆகும்?

கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறோம். மிர்கால் மாதிரி அடியில் மேயும் மீன்கள் எதைத் தின்னுமோ அதையேதான் இதுவும் தின்னும். வலையில் விழுந்தால் முள்ளும் தகடும் மாட்டி வலையைக் கிழிக்கும். எடுத்து விற்கலாம் என்றால், தகட்டை உடைத்துச் சதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்; சந்தையில் வாங்குவார் இல்லை.

இது நாம் பயமுறுத்துவதற்காகச் சொல்வது இல்லை. நடந்திருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இந்த மீன் பரவியிருப்பதை 2010 வாக்கிலேயே மீன் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் நகரக் கால்வாய்களில் இருக்கிறது. இலங்கையின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் “டேங்க் கிளீனர்” என்ற அதே பேரில் இருக்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீனவர்கள் இதற்கு வைத்த பேர் “தெய்யம் சேப”. வீட்டில் தெலுங்கு பேசும் நம் சகோதரிகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, பேய் மீன். மெக்சிகோ நாட்டில் இன்ஃபியர்னில்லோ என்று ஒரு பெரிய அணை. ஜிலேபி மீனுக்குப் பேர்போன இடம் அது. 2000-க்குப் பிறகு இந்த மீன் பெருகி, வலையை இழுத்தால் ஜிலேபியைவிட இதுதான் அதிகம் என்ற நிலை வந்து, மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் தவித்துப் போயின. அத்தனைக்கும் மூலம், வீட்டுத் தொட்டிக்காக வந்த மீன்தான்.

நம் மாவட்டத்தில் கண்மாய்கள் தனித்தனி இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய். அங்கே நிரம்பினால் அடுத்தது. கடைசியில் அர்ச்சுனா நதிக்கோ வைப்பாற்றுக்கோ போகும். இரண்டும் இருக்கன்குடியில் சேர்வது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து ஓரிரண்டு மீன் ஒரு கண்மாய்க்குப் போனால், நல்ல மழை பெய்த ஒரு வருசத்தில் அதன் குஞ்சுகள் எத்தனை ஊருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மீன்பாசி ஏலத்தில் வரும் பணம் ஊர்ப் பொது வேலைக்குப் போகிறது. கோடையில் கண்மாய் அழியும்போது ஏழை வீடுகளிலும் நாலு நாளைக்கு மீன் குழம்பு கொதிக்கிறது. அதில் கை வைக்கிற காரியம் இது.

அப்ப எதைத்தான் வாங்க?

நாலு குடம் அளவுத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்வது மோலி. கருப்பு மோலியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று, நாலு அங்குலத்துக்கு மேல் போகாது. நாள் முழுக்கக் கல்லையும் செடியையும் கொத்திக்கொண்டே இருக்கும். இளம் பாசியை நன்றாகத் தின்னும். இதில் நமக்கு ஒரு தனி வசதியும் இருக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் கடுப்புமாக இருக்கிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறோம் இல்லையா? மோலிக்கு அந்தக் கடின நீர்தான் பிடிக்கும். மென்மையான தண்ணீர் கேட்கும் மீன்களை வாங்கிவந்து சாகக் கொடுப்பதைவிட, நம் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது நல்லதில்லையா. ஒரு ஆண், மூன்று பெண் என்று வாங்குங்கள். மோலி முட்டையிடாது, குட்டி போடும். மாதத்துக்கு ஒரு தரம்கூடப் போடும். குட்டி வேண்டாம் என்றால் ஒரே இனமாக, பெண்ணாகவே கேட்டு வாங்கலாம்; ஆனால் கடைத் தொட்டியிலேயே சினையாகியிருந்தால் சில மாதம் குட்டி வரத்தான் செய்யும்.

இரண்டு குடம் தொட்டி என்றால் மீன் எண்ணிக்கையைக் கூட்டாமல் நத்தை இரண்டு விடுவது மேல். நெரைட் என்ற சிறு நத்தை கண்ணாடிப் படலத்தை வழித்தெடுப்பதில் எந்த மீனுக்கும் சளைத்தது இல்லை. நல்ல தண்ணீரில் அது பெருகவும் பெருகாது. பெரிய ஊர்க் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கல்லில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிவைக்கும், அது ஒன்றுதான் தொல்லை. வயலிலும் கண்மாயிலும் கிடக்கும் நத்தையைப் பிடித்து விடாதீர்கள். அதோடு நோய்ப் புழுக்களும் வரும்.

அரைக் குடம் ஜாடிக்கு எந்தப் பாசி மீனும் வேண்டாம். வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

“ஆல்ஜி ஈட்டர்” என்று சொல்லி விற்கும் நீள மீனில் கவனம் தேவை. அந்தப் பேரில் இரண்டு மூன்று இனங்கள் வருகின்றன. சைனீஸ் என்று சொல்லப்படும் வகை சிறுசில் பாசி தின்னும், பெரிசானால் சண்டைக்காரன். மற்ற மீனை விரட்டும், அதன் உடம்பில் ஒட்டும். சயாமீஸ் வகை நன்றாகத் தின்னும், ஆனால் அரை அடி வளரும், துள்ளி வெளியே விழும்; பெரிய மூடிபோட்ட தொட்டிக்குத்தான் சரி. ஓட்டோ என்ற குட்டி மீன் அருமையானது, ஆனால் ரொம்ப நோஞ்சான். புதுத் தொட்டியிலும் நம் உப்புத் தண்ணீரிலும் தாங்குவது கடினம். ஏழு, எட்டுக் குடம் தொட்டி இருப்பவர்கள் மீசைப் பிளெக்கோ என்ற வகையைக் கேட்டு வாங்கலாம். மூக்கின் மேல் முள்முள்ளாக மீசை இருக்கும், அரை அடிக்குள் நின்றுவிடும். கடைக்காரர் டேங்க் கிளீனரையே இதுதான் என்று கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலை ஓடைகளில் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் மீன்கள் உண்டே, அதைப் பிடித்துவரலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அந்த மலை 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே மீன் பிடிப்பது குற்றம். குளிர்ந்த ஓட்டத் தண்ணீரில் வாழ்ந்தது, தகரக் கூரை வீட்டுத் தொட்டியில் பிழைக்காது.

கொசுப்புழு தின்பதற்காகச் சுகாதாரத் துறையினர் கிணறுகளில் விடும் கம்பூசியா மீனையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புழு தின்னும் மீன், பாசி தின்னும் மீன் இல்லை.

எந்த மீனை வாங்கினாலும் அது பாசியை மட்டும் தின்றே உயிர் வாழும் என்று விட்டுவிடாதீர்கள். பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்துப்போன மீன்கள் ஏராளம். வேகவைத்த கீரைத் தண்டு, வெள்ளரிக்காய்த் துண்டு வாரம் இரண்டு தரம் போடுங்கள். மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

காசு செலவில்லாத வேலைகள்

தொட்டியை ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள். தொட்டி விளக்கு ஆறு, ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும். பிள்ளைகள் ஆசைக்கு ஆளாளுக்கு ஒரு கிள்ளு போடுவதுதான் பாதிப் பாசிக்குக் காரணம். வாரம் நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்: நாலு குடம் தொட்டிக்கு ஒரு குடம். எடுத்த தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்கு அருமையான உரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். கண்ணாடிப் பாசியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்தால் வந்துவிடும். சோப்பு, பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே போகக் கூடாது.

பட்டாசு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. மருந்துக் கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். அலுமினியப் பவுடரும் நிறத்துக்குச் சேர்க்கும் உப்புகளும் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும். அதில் செம்பு கலந்த உப்பு கொஞ்சம் போனாலும் நத்தை சாகும், மீனுக்கும் கெடுதல். வீட்டுக்கு வந்து குளித்து, வேலைத் துணியை மாற்றிவிட்டுத் தொடுங்கள். இது மீனுக்காக மட்டுமில்லை, கைக்குழந்தையைத் தூக்குவதற்கு முன்னாலும் செய்ய வேண்டியதுதான். கடையில் விற்கும் சில பாசி மருந்துகளிலும் செம்புதான் இருக்கிறது. நத்தை உள்ள தொட்டிக்கு அது கூடாது.

ஏற்கெனவே டேங்க் கிளீனர் வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். நிறையக் கடைகளில் காசு தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் பள்ளிக்கூடம், ஓட்டல் இருந்தால் கேட்கலாம். கண்மாய், கிணறு, ஊருணி, ஆறு எதிலும் விடக் கூடாது. மோலிக்கும் தங்கமீனுக்கும் இதே விதிதான். அவையும் நம் நாட்டு மீன் இல்லை. செத்த மீனையும் கண்மாயில் எறியாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள். கண்மாய் அழியும்போது வலையில் இந்த மீன் அகப்பட்டால் திரும்பத் தண்ணீரில் போடாமல், போனில் ஒரு படம் எடுத்து மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.

மீன் வாங்க நினைப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை குடம், எத்தனை மீன் என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவோம்.